செபமா, பணியா என்ற இழுபறி

கேள்வி:
நோயுற்ற முதியோரைச் சந்திக்கும் எங்கள் தேவாலயப் பங்குக் குழுவில் நான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். விடியற்காலையில் அரை மணி நேரம் ஆண்டவர் முன் மௌனமாக அமர்வது என் வழக்கம். இப்போதோ அமர்ந்த ஐந்தாவது நிமிடத்திலேயே, இன்று யாருக்கு மருந்து வாங்க வேண்டும் என்ற கணக்கு மனத்துக்குள் ஓடத் தொடங்கிவிடுகிறது. எழுந்து போனால் செபத்தை விட்ட உறுத்தல்; உட்கார்ந்திருந்தால் காத்திருப்பவரை மறந்த உறுத்தல். வீட்டுக்கு வந்த இயேசுவின் காலடியில் அமர்ந்து கேட்ட மரியாவே, பணிவிடையில் பரபரத்த சகோதரி மார்த்தாவைவிட நல்ல பங்கைத் தேர்ந்துகொண்டாள் என்று ஆண்டவர் சொன்ன பிறகு, மார்த்தாக்கள் என்னதான் செய்வது?

மறுமொழி 1:
லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தைச் சற்று முன்னிருந்தே வாசியுங்கள். அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய நல்ல சமாரியரின் உவமையைச் சொல்லி, "நீரும் போய் அப்படியே செய்யும்" என்றவர், அடுத்த வசனத்திலேயே மார்த்தாவின் வீட்டுக்குள் நுழைகிறார். அவர் சுட்டிக்காட்டியது அவளது பணிவிடையை அன்று, பலவற்றைப் பற்றிய கவலையையும் கலக்கத்தையுமே. தன்னைத் தனியே பணிசெய்ய விட்டுவிட்டாள் என்று சகோதரியின் மேல் அவள் சொன்ன புகாரே அதற்கு அடையாளம். உடன் உழைப்பவர் சும்மா இருப்பதாக எனக்கு எரிச்சல் வரும் நாள்களில், பெரும்பாலும் அன்று காலை நான் செபிக்காமல் ஓடிவந்திருப்பேன். ஆன்மாவை ஏழு உறைவிடங்கள் கொண்ட கோட்டையாக உருவகித்து ஸ்பெயின் நாட்டுத் துறவியான அவிலாவின் புனித தெரசா 1577இல் எழுதிய நூலிலும், மார்த்தாவும் மரியாவும் சேர்ந்தே ஆண்டவரை உபசரிக்க வேண்டும் என்ற பேச்சு கடைசி உறைவிடத்தில்தான் வருகிறது. அங்கே போய்ச் சேர நாளாகும்.

மறுமொழி 2:
ஏழை ஒருவர் அழைத்தால் செபத்தை விட்டு எழுந்து செல்லலாம், அது கடவுளுக்காகக் கடவுளை விடுவதே என்று ஏழைகளுக்குப் பணிசெய்த பிரெஞ்சுக் குருவான புனித வின்சென்ட் தே பவுல் தம் அருட்சகோதரிகளுக்குக் கற்பித்தார். இதை மேற்கோள் காட்டுபவர்கள், அதே சகோதரிகள் அதிகாலை 4 மணிக்கு எழுந்து செபித்தவர்கள் என்பதை ஏனோ சொல்வதில்லை. அவசரத்துக்குத் தந்த விலக்கை அன்றாட வழக்கமாக்கிக்கொண்டால் எதிலிருந்து விலகுகிறோம் என்பதே மறந்துபோகும். மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தையும் பாருங்கள்: தனிமையில் செபித்த இயேசுவிடம், "எல்லாரும் உம்மைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்" என்கிறார்கள் சீடர்கள், அவரோ அந்தக் கூட்டத்திடம் திரும்பாமல் அடுத்த ஊர்களுக்குப் போகிறார். தேடி வரும் எல்லா அழைப்பும் நமக்கானது அன்று.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மருந்துப் பட்டியலை இரவிலேயே எழுதி, குழுவில் வேறொருவரிடம் கொடுத்துவிடுவதாக இருக்கிறேன். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற வாரம் ஒரு பாட்டிக்கு நகம் வெட்டிவிட்டபோது, அவர் இறந்துபோன தம் மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நானோ அடுத்த வீட்டுக்கு நேரமாகிறதே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மகனின் பெயர்கூட இப்போது நினைவில் இல்லை.