குரோமாட்டிக் ஹார்மனி: பேப்பர்ல கரெக்டா எழுதுறாங்க, காதுல ஏற மாட்டேங்குது

தியரிடீச்சர்:
வணக்கம். வீட்டுலயே ஒரு சின்ன பேட்ச்சுக்கு வெஸ்டர்ன் தியரி எடுக்கிறேன், எல்லாம் பதினஞ்சு பதினாறு வயசு பசங்க, கிரேடு எக்ஸாமுக்கு படிக்கிறவங்க. கீக்குள்ள இருக்குற நோட்டுலயே கட்டுற டயடானிக் கார்டு வரைக்கும் ஜம்முனு போச்சு, வெளி நோட்டு வர்ற குரோமாட்டிக் ஆரம்பிச்சதும்தான் தலைவலி. "ஃபிளாட் டூ, ஃபர்ஸ்ட் இன்வர்ஷன், நியாபொலிட்டன் மேம்"னு பட்டுனு சொல்றான், அதையே பியானோல வாசிச்சு இதுல எந்த கார்டு கீக்கு வெளியிலேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா முழிக்கிறான். நான் போற ஆர்டர் செகண்டரி டாமினன்ட் (கீயோட முதல் கார்டை விட்டு வேற கார்டுக்கு இழுத்துட்டு போறது), அப்புறம் மோடல் மிக்ஸ்ச்சர் (மேஜர் கீக்கு மைனர்லேர்ந்து கார்டு கடன் வாங்குறது), நியாபொலிட்டன் (கீயோட ரெண்டாவது நோட்டை அரை படி இறக்கி அதுமேல கட்டுற மேஜர் கார்டு), கடைசில ஆக்மென்டட் சிக்ஸ்த் (ஒரு நோட்டு மேலயும் ஒண்ணு கீழயும் அரை படி நகர்ந்து விரியற கார்டு). இப்படியே போகலாமா, இல்ல வேற வழி இருக்கா? பாதி பேர் கர்நாடிக் பாட்டும் கத்துக்குறாங்க, அது இதுக்கு உதவுமா இல்ல குழப்புமா?

கொயர்காரன்:
ஆர்டரை விடுங்க மேடம், முதல்ல பேரே சொல்லாதீங்க, பாட வைங்க. சி மேஜர்ல டி மைனர் கார்டை எஃப் பேஸ்ல வர்ற மாதிரி வாசிங்க, அடுத்து ஜி, அப்புறம் சி. பசங்க பேஸ் லைனை மட்டும் பாடட்டும், எஃப், ஜி, சி. நல்லா பதிஞ்சதும் நடுவுல எஃப் ஷார்ப்பை நுழைங்க, எஃப், எஃப் ஷார்ப், ஜி, டி மைனர் அங்க டி மேஜர் ஆயிடும். அவ்ளோதான், செகண்டரி டாமினன்ட் வந்தாச்சு, அந்த எஃப் ஷார்ப்ல நிறுத்தி "இப்ப எங்க போகணும்"னு கேட்டா தொண்டையே ஜிக்கு போயிடும், எவனும் தப்பா பாட மாட்டான். ஒண்ணு மட்டும் கவனிங்க, ஆரம்பத்துல ஜி செவன்த் வேண்டாம் வெறும் ட்ரையட், அதாவது மூணு நோட்டு கார்டே போதும், செவன்த் போட்டா அந்த எஃப் ஷார்ப் மேல ஏறாம எஃப்புக்கே இறங்கிடலாம், அதெல்லாம் பின்னாடி பாத்துக்கலாம்.

அடுத்த கிளாஸ்ல இதுக்கு நேர் எதிர், மோடல் மிக்ஸ்ச்சர். எஃப் மேஜர், எஃப் மைனர், சி மேஜர். இப்ப பாட வேண்டியது ஏ, ஏ ஃபிளாட், ஜி. ஷார்ப் ஆனது மேல ஏறுது, ஃபிளாட் ஆனது கீழ இறங்குது, ரெண்டும் போய் நிக்கிறது ஜிலதான். இது ரெண்டும் தொண்டைல உக்காந்ததும் பாதி பேரை ஏ ஃபிளாட் பாட சொல்லுங்க, பாதி பேரை எஃப் ஷார்ப் பாட சொல்லுங்க, நீங்க நடுவுல சி வாசிங்க. ரெண்டு குரூப்பும் ஒரே நேரத்துல ஜிக்கு போகும்போது ஆக்டேவா விரியும். அது ஆக்மென்டட் சிக்ஸ்த்ல ஒரு வகை, இத்தாலியன் சிக்ஸ்த்துன்னு அப்ப சொல்லுங்க, அதுவரைக்கும் வாயே திறக்காதீங்க. கடைசி சாப்டர்ல தனியா ஒரு பூதம் மாதிரி அதை வைக்கிறதாலதான் பசங்க பயப்படுறாங்கன்னு எனக்கு தோணுது.

ஃபிகர்டுபேஸ்:
பாடுறதெல்லாம் சரிதான் ஆனா எக்ஸாம்ல பாட சொல்ல மாட்டாங்களே, பேரும் ஸ்பெல்லிங்கும்தான் (ஒரே சாவியை ஷார்ப்னு எழுதுறதா ஃபிளாட்னு எழுதுறதாங்கறது) மார்க்கு. அதனால நான் சீக்கிரமே நிஜமான பீஸுக்கு போயிடுவேன். நியாபொலிட்டனுக்கு பீத்தோவனோட மூன்லைட் சொனாட்டா போதும், 1801ல எழுதினது, முதல் மூவ்மென்ட்ல மூணாவது பாரோட ரெண்டாவது பாதி. கீ சி ஷார்ப் மைனர், அங்க டி மேஜர் வருது, பேஸ்ல எஃப் ஷார்ப். வலது கைல நடு விரல் நோட்டை மட்டும் பாக்க சொல்லுங்க. டி நேச்சுரல்ல இருக்கு, அடுத்த பார்ல நேரா பி ஷார்ப்புக்கு விழுது, நடுவுல இருக்குற சி ஷார்ப்பை தாண்டி. அந்த ஒரு தாவலை பத்து தடவ மெதுவா வாசிச்சா நியாபொலிட்டன் எப்படி இருக்கும்னு காதுக்கு தெரிஞ்சிடும், அப்புறம் எங்க வந்தாலும் புடிச்சிடுவாங்க. வாக்னரோட டிரிஸ்டான் ஓபரால வர்ற கார்டு பக்கமெல்லாம் இப்போதைக்கு போகாதீங்க, அதுக்கு பேர் வைக்கிறதுலயே பெரியவங்களே இன்னும் அடிச்சிக்கிறாங்க.

வீணைமெட்டு:
கர்நாடிக் கேள்விக்கு மட்டும் நான் சொல்றேன். ரெண்டும் நடக்கும், உதவவும் செய்யும் குழப்பவும் செய்யும். குழப்பம் எங்கன்னா சி மேஜர்ல எஃப் ஷார்ப் கேட்டதும் பிரதி மத்யமம் (மேல இருக்குற ம) வந்துடுச்சு, ராகமே கல்யாணியா மாறிடுச்சுன்னு நினைப்பாங்க, அது அந்த ஒரு கார்டுக்கு மட்டும் வந்துட்டு போற நோட்டுன்னு ரெண்டு மூணு தடவ சொல்லணும்.

உதவி எங்கன்னா ஸ்பெல்லிங்ல. ஏ ஃபிளாட், சி, இ ஃபிளாட், எஃப் ஷார்ப்னா ஆக்மென்டட் சிக்ஸ்த்ல இன்னொரு வகை, ஜெர்மன் சிக்ஸ்த், அதே சாவிகளை ஜி ஃபிளாட்னு எழுதினா ஏ ஃபிளாட் செவன்த். சத்தம் ஒண்ணு, போற ஊர் வேற. முன்னது ஜிக்கு போகும், பின்னது டி ஃபிளாட்டுக்கு போகும். கீபோர்டு பசங்க இது எதுக்கு வெட்டி வேலைன்னு கேப்பாங்க, கர்நாடிக் பசங்க கேக்க மாட்டாங்க. வீணைல ஒரே மெட்டுதான், கரகரப்ரியால அது சாதாரண காந்தாரம், நாட்டைல அதுவே ஷட்சுருதி ரிஷபம், ஏன்னா அங்க அதுக்கு மேல அந்தர காந்தாரம் தனியா இருக்கு. நோட்டோட பேரு அது எங்கேர்ந்து வருது எங்க போகுதுங்கறத பொறுத்ததுன்னு அவங்களுக்கு ஏற்கனவே தெரியும்.

தியரிடீச்சர்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும், பாட வைக்கிற ஐடியாவை இந்த சனிக்கிழமையே ட்ரை பண்றேன். இன்னொண்ணு, ஜெர்மன் சிக்ஸ்த்லேர்ந்து ஜிக்கு போகும்போது பேரலல் ஃபிஃப்த் (ரெண்டு குரல் ஃபிஃப்த் இடைவெளியிலேயே சேந்து நகர்ற தப்பு) வந்து தொலைக்குது, என்ன பண்றது?

ஃபிகர்டுபேஸ்:
ஏ ஃபிளாட்-இ ஃபிளாட் அப்படியே ஜி-டி ஆயிடுதே, அதுதான். நேரா போகாம நடுவுல ஜி பேஸ்ல சி கார்டு ஒண்ணை வைக்க சொல்லுங்க, மைனர்னா இ ஃபிளாட் அங்கயே நிக்கும், மேஜர்னா இ நேச்சுரலுக்கு ஏறும், அப்புறம் நிம்மதியா டிக்கு இறங்கலாம். இல்லன்னா இ ஃபிளாட்டுக்கு பதிலா டி போட்டு ஃபிரெஞ்ச் சிக்ஸ்த் ஆக்கிடுங்க, அதுல இந்த பிரச்சனையே வராது. இத்தாலியன்ல மூணே நோட்டு, நாலாவது குரலுக்கு சியை டபுள் பண்ணணும், எஃப் ஷார்ப்பை டபுள் பண்ணினா ரெண்டும் சேந்து ஜிக்கு போய் பேரலல் ஆக்டேவ் ஆயிடும், மார்க் அங்கதான் நிறைய போகுது.