குளம் உள்ள வீட்டை வாடகைக்கு எடுக்குமுன்: சிட்னிக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு

சிட்னியின் மேற்குப் பகுதிகளில் வீடு தேடி அலுத்துப்போன நேரத்தில், பின்புறத்தில் நீச்சல் குளத்தோடு ஒரு வீடு கட்டுப்படியாகும் வாடகைக்கு அமைந்தால் உடனே முன்பணம் கட்டிவிடத் தோன்றும். உங்களிடம் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால், அதற்கு முன் குளத்தைச் சுற்றியுள்ள வேலியின் கதவருகே பத்து நிமிடம் நின்று பாருங்கள்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் குளமுள்ள தனி வீட்டை வாடகைக்கு விடுபவர், வேலி விதிகளின்படி இருப்பதற்கான சான்றிதழை ஒப்பந்தத்துடன் இணைத்துத் தர வேண்டும். அது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் ஆய்வாளர் வந்த அன்று கதவு சரியாக இருந்தது என்பதற்குத்தான் அது சான்று. பிறகு கீல் துருப்பிடித்திருக்கலாம், தூண் சற்றே சாய்ந்திருக்கலாம். ஆகவே கதவை முழுவதும் திறந்து ஒருமுறை, பாதி திறந்து ஒருமுறை, ஒரு சாண் மட்டும் திறந்து ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அது தானாகவே மூடித் தாழிட்டுக்கொள்ள வேண்டும். கதவு குளத்தை நோக்கி அல்லாமல் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். வேலி குறைந்தது 1.2 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். பிள்ளை ஏறிவிடக்கூடிய நாற்காலி, பூந்தொட்டி, மரக்கிளை எதுவும் அதிலிருந்து 90 சென்டிமீட்டருக்குள் இருக்கக் கூடாது என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். குடிவந்த பிறகு கதவை எப்போதும் மூடி வைத்திருக்கும் பொறுப்பு, 1992ஆம் ஆண்டு நீச்சல் குளச் சட்டப்படி, அந்த வீட்டில் வசிக்கும் உங்களுடையது.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போயிருந்தோம். சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கொண்டுபோக வசதியாக இருக்கட்டும் என்று, யாரோ ஐஸ் பெட்டியை முட்டுக்கொடுத்துக் குளத்தின் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். முப்பது பெரியவர்கள் இருந்த அந்த இடத்தில், இரண்டு வயதுக் குழந்தை குளத்தின் இரண்டாவது படியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றதைத் தற்செயலாகத்தான் ஒருவர் கண்டார். ஒரு சத்தமும் கேட்கவில்லை. நீரில் மூழ்கும் குழந்தை கத்துவதில்லை. பெரும்பாலும் கையைக்கூட அசைப்பதில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டு விருந்துகளில், பதினைந்து நிமிடத்துக்கு ஒருவர் என்று பெயர் சொல்லிக் காவலுக்கு நிறுத்துகிறோம். அவர் கையில் கைபேசி இருக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கினால், எட்டிப் பிடிக்கும் தூரத்தில் அவரும் தண்ணீரில் இருக்க வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பத்தாவுக்கோ தாத்தாவுக்கோ நீச்சல் தெரியாது என்றால், அந்தப் பொறுப்பை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். மரியாதை கருதி அவர்கள் மறுக்க மாட்டார்கள்.

கடைகளில் கோடைக்கு விற்கும் காற்றடிக்கும் குளங்களும் சட்டத்துக்கு விலக்கல்ல. 30 சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடிய குளம் என்றால் அதற்கும் வேலி வேண்டும். அதைவிடச் சிறியதை, பயன்படுத்தியவுடன் கவிழ்த்து வைத்துவிடுங்கள். கையில் மாட்டும் காற்றுப் பட்டைகள் விளையாட்டுச் சாமான்களே.

கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி நீந்தப் பழகியவர்களுக்கு, கட்டணம் கட்டி நீச்சல் வகுப்புக்கு அனுப்புவது ஆடம்பரமாகத் தோன்றலாம். இங்குள்ள அரசுப் பள்ளிகளில் பத்து நாள் பயிற்சித் திட்டம் இருக்கிறது என்றாலும், அது தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கானது. மூன்று வயதுப் பிள்ளை அதற்காகக் காத்திருக்க முடியாது.

கடைசியாக, முதலுதவி. தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுவது போன்ற ஊர்ப் பழக்கங்களில் உயிர் காக்கும் நிமிடங்கள் வீணாகின்றன. மூச்சில்லை என்றால் அவசர உதவி எண்ணான 000-ஐ அழைத்து, ஒலிபெருக்கியில் வைத்துவிட்டு, 30 முறை மார்பை அழுத்தி 2 முறை வாயோடு வாய் மூச்சுக் கொடுப்பதைத் தொடர வேண்டும். ஒருநாள் பயிற்சிக்குக் கணவன் மனைவி இருவரும் போய்வருவது நல்லது. இம்முறையைப் படத்துடன் விளக்கும் பலகை குளத்தருகே இருக்க வேண்டும் என்பதும் சட்டமே. வெயிலில் வெளுத்து எழுத்துத் தெரியாமல் போயிருந்தால், குடிவருமுன் புதியதை மாட்டித் தரும்படி முகவருக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள்.