மரியா மறுத்திருக்க முடியுமா? நத்தாரும் இறைவனின் திருவுளமும்

கேள்வி: குருநகர் மறைக்கல்வி ஆசிரியை

திருவருகைக் கால வகுப்பில் உயர்தர மாணவர்களுடன் லூக்கா நற்செய்தியின் முதலாம் அதிகாரத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவி எழுந்து, இயேசுவைக் கருத்தாங்குவாய் என்று வானதூதர் வந்து சொல்லிவிட்ட பின்னர் மரியா மறுத்திருக்க முடியுமா, முடியாதென்றால் அதனை ஒத்துழைப்பு என்று எப்படிச் சொல்வது என்று கேட்டாள். அவளுடைய அம்மம்மா வடமராட்சி கிழக்கைச் சேர்ந்தவர். 2004ஆம் ஆண்டு நத்தாருக்கு (கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு) மறுநாள் ஆழிப்பேரலையாகக் கடல் வந்து போன பின்னர், ‘எல்லாம் ஆண்டவருடைய சித்தம்’ என்பதே அந்த வீட்டின் பேச்சாக இருந்து வருகிறது. கடவுள் தீர்மானிக்கிறார், மனிதர் தலையாட்டுகிறார், நத்தாரும் அவ்வளவுதானா என்பதே அவளுடைய ஐயம். கையேட்டில் உள்ள விடை அவளுக்குப் போதவில்லை; உண்மையில் எனக்கும் போதவில்லை.

பதில் 1: பாசையூர் வாசகர்

ஆசிரியை அவர்களுக்கு, மரியாவின் சம்மதம் சுதந்திரமானது என்பதே திருச்சபையின் பழைய வாசிப்பு. லூக்கா அந்த உரையாடலை நடத்திச் செல்லும் விதத்தைக் கவனியுங்கள். தூதர் வாழ்த்துகிறார், மரியா கலங்குகிறார். தூதர் செய்தியைச் சொல்கிறார், மரியா இது எப்படி நிகழும் என்று கேட்கிறார். விளக்கம் கிடைத்த பின்னரே தம்மை ஆண்டவரின் அடிமையாக ஒப்புக்கொடுக்கிறார். அந்த விடை வரும்வரை தூதர் அவரை விட்டு அகலவில்லை. 12ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் துறவியான புனித பெர்னார்து தம் மறையுரை ஒன்றில், ஆதாம் முதலான முன்னோர் எல்லாரும் அந்த விடைக்காகக் காத்திருந்ததாகச் சித்திரித்து, விரைந்து பதில் சொல்லுமாறு மரியாவையே மன்றாடுகிறார். மறுக்க இயலாத ஒருவரிடம் எவரும் அப்படி மன்றாடமாட்டார்.

கடல்கோளில் எவரிடமும் எதுவும் கேட்கப்படவில்லை. ஆகவே அதையும் நாசரேத்தில் மரியாவுக்கு நிகழ்ந்ததையும் ‘ஆண்டவருடைய சித்தம்’ என்ற ஒரே வசனத்தால் அளப்பது பொருந்தாது. என்றாலும் அம்மம்மாவைத் திருத்தப் புறப்பட வேண்டாம். அந்த வசனம் அவர் ஊன்றி நடக்கும் கைத்தடி.

பதில் 2: வட்டுக்கோட்டையிலிருந்து, தென்னிந்தியத் திருச்சபை

ஒத்துழைப்பு என்றால் எங்கள் சபையில் பலர் சற்றுத் தயங்குவார்கள். கடவுள் பாதி, மனிதர் பாதி என்று கணக்குப் பார்ப்பதாக அது ஒலிப்பதே காரணம். தூதன் மரியாளிடம் முதலில் சொன்னது கிருபையைப் பற்றியே. அவளுடைய சம்மதம் அதன் பின்னர்தான் வருகிறது. உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுல், அதே மூச்சில், விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறார். 1999இல் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் கையெழுத்திட்டு, 2006இல் மெதடிஸ்தரும் இணைந்துகொண்ட, மனிதர் தேவனுக்கு ஏற்புடையவராவது பற்றிய கூட்டறிக்கையும், நம் தகுதியினால் அன்றிக் கிருபையினால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று சொல்கிறது. ஆகவே மரியாள் மறுத்திருப்பாளா என்று ஆராய்வதைவிட, சம்மதிக்கும் மனதை அவளுக்குத் தந்தவர் யார் என்று அந்தப் பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள்.

பதில் 3: கொழும்புத்துறை வாசகர்

மேலேயுள்ள இரண்டும் சரிதான். ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு மரியாவின் கணவரான சூசையப்பரைக் காட்டுவது எளிது. எங்கள் பங்கில் பனையோலையால் வேயும் பாலன் குடிலில் அவருடைய சுரூபம் ஆண்டுதோறும் மாட்டுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுகிறது. நற்செய்திகளில் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட வருவதில்லை. மரியாவை மறைவாக விலக்கிவிடத் தீர்மானித்திருந்தவர், கனவு கண்டு விழித்ததும் தம் திட்டத்தைக் கைவிட்டு அவரை ஏற்றுக்கொள்கிறார். பின்னர் இரவோடு இரவாகக் குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடுகிறார். இறைவனின் திருவுளம் அவருக்கு வேலையாகவும் அலைச்சலாகவுமே வந்தது. கையைக் கட்டிக்கொண்டு, நடப்பது நடக்கட்டும் என்று அவர் இருந்திருந்தால், பெத்லகேமின் ஆண் குழந்தைகளைக் கொல்ல ஆளனுப்பிய ஏரோது அரசனின் வாளுக்குக் குழந்தை தப்பியிராது.

அந்த வாளுக்குத் தப்பாத குழந்தைகளையும் வகுப்பில் பேசுங்கள். நத்தார் முடிந்த மூன்றாம் நாள், டிசம்பர் 28இல், திருச்சபை அவர்களை நினைவுகூருகிறது. மத்தேயு அந்தக் கொலையை ஏரோதின் சீற்றத்தின் மேல்தான் சுமத்துகிறார்; கடவுள் அதை விரும்பினார் என்று எழுதவில்லை. தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதல் பெற மறுக்கும், இஸ்ரயேலரின் மூதன்னையான ராகேலை இறைவாக்கினர் எரேமியாவின் நூலிலிருந்து எடுத்து அங்கே நிறுத்துகிறார், அவளுக்கு எந்த விளக்கமும் சொல்லவில்லை. மாணவி விரும்பினால் அந்தப் பகுதியை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டட்டும். 2004ஐப் பற்றி அவரே பேசக்கூடும்.