அம்பாப் பாட்டுக்கு ஆர் பெயரைப் போடுறது?

வணக்கம் உறவுகளே. திருகோணமலையில இருந்து எழுதுறன். சொந்தமா எழுதி, கிட்டாரோட பாடுறன். ஆறு பாட்டு ஒலிப்பதிவு முடிஞ்சுது, ஸ்பொட்டிஃபையில ஏத்தவேணும்.

ஒண்டில மட்டும் மனம் இடறுது. அதின்ர பல்லவி, கரைவலை இழுக்கேக்க எங்கட அப்பப்பா ஆக்கள் பாடின அம்பா. ஒருத்தர் எடுக்க, மற்றவை சேர்ந்து பாடி இழுப்பினம். சரணம்தான் என்ர. படிவத்தில இசையமைப்பாளர் பெயர் கேக்குது. என்ர பெயரைப் போட மனம் வரேல்ல. அது வலை இழுத்த எல்லாருக்கும் சொந்தமானது.

2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில நாட்டார் கலைகளைப் பற்றியும் இருக்கு. காசு வாற வெளியீட்டுக்கு அனுமதி எடுக்கவேணுமோ? "மரபுப் பாடல்" எண்டு போட்டு வெளியிட்டவை எப்பிடிச் செய்தனீங்கள்?

மூதூர், நிலாவெளிப் பக்கம் அம்பா தெரிஞ்ச பெரியாக்கள் இருந்தாலும் சொல்லுங்கோ. வாடைக்காத்து தொடங்க முன்னம் போய்ப் பாக்கவேணும்.