12 யூசர் 8 டைமென்ஷன், டீஎஸ்சி (எல்லா கோட் ஜோடியோட கோரிலேஷன் வர்க்கத்தையும் கூட்டுன மொத்தம்) 18க்கு வரவே மாட்டேங்குது, யாராச்சும் பாருங்களேன்

தலவாக்கலை பையன்:
ஃபைனல் இயர் ப்ரொஜெக்ட்டுக்கு ஆக்டேவ்ல (கணக்குப் போடுற மென்பொருள்) சீடிஎம்ஏ அப்லிங்க் (பல ஃபோன் ஒரே அலைவரிசையில ஆளுக்கொரு கோட் வச்சு டவருக்கு அனுப்புறது) ஒன்னு ஓட்டிக்கிட்டு இருக்கேன், எல்லாருக்கும் ஒரே பவர், ஒவ்வொரு யூசரும் மத்தவங்க தொல்லை எந்தப் பக்கம் ஆகக் கொறைவோ அங்க தன் கோட்-ஐ, அதாவது தன்னோட 8 எண் வரிசையை, மாத்திக்கணும், அதாவது மத்த 11 பேரோட கோரிலேஷன் மேட்ரிக்ஸ்ல ஆகச் சின்ன ஐகன்வேல்யூவோட வெக்டரை எடுத்துக்கணும். வெல்ச்ங்கிற ஆராய்ச்சியாளர் 1974ல சொன்ன கீழ் எல்லைப்படி டீஎஸ்சி 12×12÷8, அதாவது 18ல வந்து நிக்கணும். எனக்கு எறங்குது, அடுத்த ரவுண்டுல 80க்கு மேல எகிறுது, திரும்ப எறங்குது. மூணு நாளா தூக்கம் இல்ல, மழைக்கு கரண்ட் வேற அடிக்கடி போகுது.

நோர்வூட் அக்கா:
தம்பி, மேட்ரிக்ஸை ரவுண்டுக்கு ஒருக்காதான் கணக்கு பண்றீங்களா?

தலவாக்கலை பையன்:
ஆமாக்கா, ரவுண்டு ஆரம்பத்துல ஒருக்கா, கடைசியில 12 பேர் கோடையும் ஒன்னா மாத்துறேன், லூப் வேகமா ஓடுமேன்னு.

நோர்வூட் அக்கா:
அங்கதான் பிழை. தோட்டத்து லயத்துல கீழ்ப் பைப்படி சும்மா கெடக்குன்னு காதுல விழுந்தோடன எல்லாரும் வாளியத் தூக்கிட்டு அங்கயே ஓடுனா என்ன ஆகும், அங்க சண்டை, மேல் பைப்படியில ஒரு ஆளும் இருக்காது, அப்புறம் எல்லாரும் மேல ஓடுவாங்க. ஒரு ஆள் மாறினதும் மேட்ரிக்ஸைத் திரும்பப் போட்டுட்டு அதுக்கப்புறம் அடுத்த ஆளை மாத்துங்க. அப்படிச் செஞ்சா டீஎஸ்சி ஏற வழியே இல்ல.

தலவாக்கலை பையன்:
ஏறுறது நின்னுருச்சுக்கா, ஆனா இப்ப 20லயே ஒட்டிக்கிச்சு, 200 ரவுண்டு ஓட்டியும் அசையல. சேர் சொன்னாருன்னு இந்தத் தடவை வால்ஷ் கோட்ல (ஒன்னோட ஒன்னு மோதாத ஆயத்த கோட்) ஆரம்பிச்சேன், 8 கோட், மிச்ச நாலு பேருக்கு மொத நாலையே திருப்பிக் குடுத்தேன். 0.000001 ஆவது கொறஞ்சாதான் மாத்துன்னு ஒரு இஃப் வேற இருக்கு.

ஹாலிஎல அண்ணன்:
20 எங்கேருந்து வருதுன்னு கையாலயே போடலாம் தம்பி. நாலு திசையில ரெண்டு ரெண்டு பேர், நாலு திசையில ஒவ்வொருத்தர், ஒவ்வொரு திசைக்கும் ஆள் எண்ணிக்கையோட வர்க்கம், 4×4 கூட்டல் 4×1. ஜோடியா இருக்கிறவனுக்கு இப்ப தொல்லை 1, தனி ஆள் இருக்கிற திசைக்குப் போனாலும் 1 தான், லாபம் இல்லாததால உங்க இஃப் அவனை விடாது. ரேண்டமா எடுத்து நீளத்தை 1 ஆக்கி ஆரம்பிங்க, சேர்கிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்.

தலவாக்கலை பையன்:
18.0000 வந்துருச்சு அண்ணே!! ஆனா நொய்ஸை எவ்வளவு கொறச்சாலும் பிஇஆர் (பிழையா வர்ற பிட்டோட விகிதம்) ஒரு அளவுக்குக் கீழ எறங்க மாட்டேங்குதே, எம்எம்எஸ்இ ஃபில்டர் (சராசரிப் பிழை வர்க்கத்தை ஆகக் கொறைக்கிறது) போட்டும் அதே கதை?

நோர்வூட் அக்கா:
அது பிழை இல்ல தம்பி. ஒரு திசைக்கு வர்ற மொத்த பவர் 12÷8, அதுல உங்க பங்கு 1 போக தொல்லை 0.5, நொய்ஸே இல்லாட்டியும் எஸ்ஐஎன்ஆர் (சிக்னலுக்கும், தொல்லை கூட்டல் நொய்ஸுக்கும் உள்ள விகிதம்) 2, அதாவது 3 டீபி, அதுக்கு மேல போகாது. 18ல நிக்கிற கோட் செட்டுக்கு எம்எம்எஸ்இயும் மேட்ச்ட் ஃபில்டரும் (தன் கோடோட மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கிறது) ஒன்னுதான். சந்தேகம்னா 8 பேரை மட்டும் வச்சு ஓட்டுங்க, தொல்லை 0 ஆகிரும், பிபிஎஸ்கேக்கு (பிட்டை +1 இல்லாட்டி −1ஆ அனுப்புற முறை) ஈபி என்நாட் (ஒரு பிட்டோட எனர்ஜிக்கும் நொய்ஸ் அடர்த்தி என்நாட்டுக்கும் உள்ள விகிதம்) 6 டீபில பிஇஆர் 0.0024 கிட்ட வரணும். 0.023 வந்தா நொய்ஸ் வேரியன்ஸை என்நாட்னு போட்டிருக்கீங்க, அதுல பாதிதான் போடணும்.

தலவாக்கலை பையன்:
0.023 தான் வருது அக்கா 🤦