புதுப்பிப்பு: என் பச்சோந்தியின் மலச்சிக்கல்

என்னுடைய ஒன்றரை வயது ஏமன் பச்சோந்தி ஒன்பது நாட்களாக மலம் கழிக்கவில்லை, இரையையும் தொடவில்லை என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் எடுத்த எக்ஸ்-ரேயில், குடலின் பிற்பகுதியில் மலம் இறுகிக் கிடப்பது தெரிந்தது. கல்லையோ மரத்தூளையோ விழுங்கியதற்கான அடையாளம் இல்லை. குற்றம் என் கூண்டில்தான் இருந்தது. வெயில் காயும் கிளையில் 30 பாகை வெப்பம் இருக்கும் என்று விளக்கின் அட்டையை நம்பியிருந்தேன்; வெப்பமானியை அந்தக் கிளையிலேயே கட்டிப் பார்த்தபோது 24-ஐத் தாண்டவில்லை. உடல் சூடேறாவிட்டால் இதற்கு இரை சரிவரச் செரிக்காது. போதாக்குறைக்கு, கிண்ணத்து நீரைவிட இலையில் உருளும் துளிகளையே இது நக்கிக் குடிக்கும் என்று தெரிந்தும், நீர் தெளிப்பதை நாளுக்கு ஒருமுறையாகக் குறைத்திருந்தேன்.

தோலுக்கடியில் திரவம் ஏற்றினார்கள். சிலர் சொன்ன எண்ணெய் வைத்தியம் வேண்டாம், அது மூச்சுக்குழலுக்குள் போனால் நுரையீரலைக் கெடுத்துவிடும் என்று மருத்துவர் கண்டிப்பாகக் கூறினார்.

நான்காம் நாள் காலையில், சில்வண்டுக் கால்கள் அப்படியே தெரியும் கரும்பழுப்புக் கட்டி ஒன்று இலைமேல் கிடந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய யூரேட் (சிறுநீருக்குப் பதிலாக மலத்தோடு வெளியேறும் திடக் கழிவு) அதன் நுனியில் ஆரஞ்சு நிறமாக இருந்ததால், உடலில் நீர் இன்னும் போதவில்லை என்று புரிந்தது. அதையே ஒட்டுண்ணிச் சோதனைக்குக் கொடுத்தேன். ஊசிப்புழு முட்டைகள் காணப்பட்டதால் மருந்து தொடங்கியுள்ளோம், இரண்டு வாரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நேற்று ஒரு சில்வண்டைப் பிடித்தது. இரண்டாவதைக் கண்டுகொள்ளவே இல்லை.