அழுதவுடன் தூக்கினால் குழந்தை கெட்டுப்போகுமா?

கேள்வி: என் மகளுக்கு நாலு மாதம். தொட்டிலில் போட்டதும் கீழுதடு பிதுங்கித் துடிக்கும், என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் ஓடிப்போய்த் தூக்கிவிடுவேன். "கைச்சூடு பழகிட்டா அப்புறம் இறங்கவே மாட்டா" என்கிறார் அத்தை. நிஜமா?

பதில் 1: தாராளமாகத் தூக்குங்கள். தானாக உட்காரக்கூட முடியாத வயதில் தன்னைத் தானே தேற்றிக்கொள்ள எப்படித் தெரியும்? உங்கள் தோளில் அடங்கி அடங்கித்தான் பின்னால் தானாக அடங்கப் பழகும். சில்வியா பெல், மேரி ஐன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர்கள் 26 தாய்-சேய்களை ஓராண்டு கவனித்து 1972-ல் எழுதினார்கள்: அழுகைக்குச் சீக்கிரம் வந்த தாய்மாரின் பிள்ளைகள் ஆண்டுக் கடைசியில் குறைவாகவே அழுதார்கள். சிறிய ஆய்வுதான், மறுத்தவர்களும் உண்டு, ஆனாலும் என் இரண்டு பிள்ளைகளிடமும் நான் கண்டது அதுவே.

பதில் 2: உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970-களில் செய்த சோதனையையும் பாருங்கள். கொஞ்சிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று முகத்தைச் சலனமில்லாமல் வைத்துக்கொள்வார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், எதற்கும் பதில் வராதபோது சோர்ந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

கேள்வி கேட்டவர்: ஐயோ, அடுப்பில் பால் இருந்தால் நானும் உடனே போக முடிவதில்லையே?

பதில் 2: அதற்காகக் கலங்காதீர்கள். நல்ல தாயும் பிள்ளையும்கூட அடிக்கடி தாளம் தப்புகிறார்கள், மறுபடி சேர்ந்துகொள்கிறார்கள் என்பதையும் அந்த ட்ரோனிக்கேதான் சொன்னார். அடுப்படியிலிருந்தே "இதோ வந்துட்டேன் கண்ணு" என்று குரல் கொடுங்கள், அழுகை ஒரு நொடி நின்று காது கொடுக்கும் பாருங்கள்.